காணும் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை

செய்தியும் வேண்டுகோளும் ஒரே சைக்கிளில் வந்தன. நெல்லியடிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோய்த் திரும்பிய எங்கள் சதுரங்கக் கழகத்தின் செயலாளர், என் வீட்டுப் படலையடியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இறங்காமலே சொன்னார்.

"அருளப்பண்ணை மோசம் போயிட்டாராம். முந்தநாள் காலமை. நெஞ்சு நோகுது எண்டவராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுதாம். நேற்று அடக்கமும் ஆச்சு."

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததைச் சொன்னார்.

"முப்பத்தோராம் நாளுக்குக் கழகம் ஒரு நினைவு மலர் அடிக்குது. நீர்தானே கடைசிவரைக்கும் அவரோடை விளையாடினனீர். ரெண்டு பக்கம் எழுதித் தாரும். நல்லதா எழுதும்."

நல்லதாக எழுதுவதற்கு உதவியாக, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டையும் எடுத்துத் தந்தார். அதில் எழுதியிருந்தது: கழகத்தின் மூத்த உறுப்பினர். கோபம் என்றால் என்னவென்று அறியாதவர். தோல்வியையும் புன்னகையோடு ஏற்று எதிரியின் கையைக் குலுக்கியவர். யார்மேலும் மனக்குறை வைக்காமல் எல்லோரையும் மன்னித்துச் சென்றவர். நாலு வரி. நாலும் பொய். மலரைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அடிக்கிறார்களாம், வேறு தாள் கிடைக்காது. பிள்ளைகள் கணக்குச் செய்யவேண்டிய தாளில் இதை அடிக்கக் கூடாது என்பதற்காகவே எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்காவிட்டால் யாருடைய இரங்கற்பாவையாவது வெட்டுங்கள். இதில் கை வைக்க வேண்டாம்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் மலர் அறியாதவர் கைக்கும் போகும். சவிரிமுத்து அருளப்பு மயிலிட்டிக்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவர் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இயந்திரங்களைப் பூட்டித் திருத்தும் பிற்றர். அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு இஞ்சினியரிடம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செஸ் பழகினார். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பிய பிறகு விளையாட ஆளில்லாமல், எண்பத்துநாலாம் ஆண்டு எங்கள் கழகம் கூடும் ஊர் வாசிகசாலையைத் தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடித்து, சாப்பிட்டுவிட்டு, ஆறு கட்டை தூரம் சைக்கிள் உழக்கி வருவார். எங்கள் ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் பெருமை என்று நினைப்பார்கள்.

வாசிகசாலை வாசலில் ஒரு கொப்பி இருந்தது. உறுப்பினர் அல்லாதவர்கள் அதில் பெயரெழுதி, 'விருந்தினர்' என்ற பகுதியில் ஒப்பம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், அருளப்பண்ணை அதில் ஒப்பம் வைத்தார். மேலே ஹெலிகொப்டர் சுற்றும் நாட்களில் வேலியோரமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தும் வைத்தார். ஒருநாள் பேனையை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, ஆறு கட்டை உழக்கிக் கிழமைக் கிழமை வாற விருந்தாளியை உம்மடை வீட்டிலை கண்டிருக்கிறீரோ? எங்கடை வீட்டிலை எண்டா ரெண்டாம் கிழமையே மீன் வெட்டக் குடுத்துவிடுவம்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உறுப்புரிமை கேட்டு அவர் இரண்டு முறை விண்ணப்பம் எழுதினார். இரண்டு முறையும் செயற்குழு அதை 'ஒத்திவைத்தது'. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது மட்டும், "உவர் நல்ல மனுசன்தான், ஆனா உவரைச் சேர்த்தா அந்தப் பக்கத்திலையிருந்து நாளைக்கு நாலு பேர் வருவினம்" என்று எங்கள் தலைவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கழகத்தின் சட்டதிட்டமான 'யாப்பு' என்றார்கள். யாப்பில் இடமில்லை, யாப்பைப் பார்க்கவேண்டும், யாப்பைத் திருத்தவேண்டும். கழகத்தின் யாப்பு தலைவரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. அதைக் கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள் என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒருவர் திறந்து பார்த்திருந்தார். அருளப்பண்ணை. எண்பத்தாறில் சுற்றுப்போட்டி வைத்தபோது ஆட்கள் போதவில்லை. இளம் ஆட்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்கும் மற்றப் பாதி இயக்கங்களுக்கும் போய்விட்டிருந்தார்கள். அதனால் விருந்தினரும் பங்குபற்றலாம் என்று அறிவித்தார்கள். அருளப்பண்ணை தலைவரிடமே யாப்பைக் கேட்டு வாங்கி, வாசல் வாங்கில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். ஒன்பதாம் பிரிவில் இருந்தது: போட்டியில் வெல்பவர், வேறெந்த விண்ணப்பமுமின்றி, கழகத்தின் ஆயுள் உறுப்பினர் ஆவார். குழுவில் இருந்த ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு அவரும் நானும் வந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: "கோப்பை வேணுமெண்டா அதை நீர் கொண்டுபோம் தம்பி. எனக்கு ஒன்பதாம் பிரிவு காணும்."

எனக்கு என்ன வேண்டியிருந்தது? அதையும் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலைச் சுவரில் சம்பியன்களின் பெயர்ப் பலகை தொங்கியது. அதில் என் பெயர் வரவேண்டும். அவ்வளவுதான். நான் அப்போது தபால் கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடித்த புதிது. மாமனார் வீட்டில் ஏற்கெனவே வென்றுவிட்டவன்போலக் கதைத்துமிருந்தேன்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் மற்ற இடங்களில் போல ராசாவைச் சரித்து விழுத்தக் கூடாது. 'காணும்', அதாவது போதும், என்று சொல்லிக் கையை நீட்டவேண்டும். ராசாவை விழுத்துவது அபசகுனம் என்று தலைவர் பெரிய விளக்கமெல்லாம் கொடுப்பார். உண்மை என்னவென்றால், கழகத்தின் நல்ல பெட்டியில் கறுப்பு ராசாவின் தலை கழன்று பசை வைத்து ஒட்டியிருந்தது. விழுத்தினால் தலை உருண்டு மேசைக்குக் கீழே போய்விடும். அந்தப் பசைக்காக வந்த வழக்கம்தான் ஒரு மனிதரின் கழுத்தில் விழுந்தது.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். முப்பது நகர்வு தாண்டியாயிற்று. நான் என் கோட்டையை நகர்த்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் பிழையைக் கண்டேன். அவருடைய குதிரை ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் என் ராசாவுக்கும் ராணிக்கும் ஒன்றாகக் குறி வைக்கும். ராசாவைக் காப்பாற்றினால் ராணி போகும். ராணி போனால் ஆட்டம் போகும். என் காது இரண்டும் சுட்டன. அவர் கதிரையில் சாய்ந்திருந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நேரம் நிறைய இருந்ததால், பிற்றர் ஆணியை முடுக்குமுன் ஒருமுறை தடவிப் பார்ப்பதுபோல, மற்றப் பக்கங்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்கடைக் கந்தையாண்ணை தேத்தண்ணிக் கேத்திலோடு வந்தார். எனக்கு ஊற்றினார், அவருக்கு ஊற்றினார். அருளப்பண்ணை பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிளாஸ் நிறையும் சத்தத்தைக் கேட்டு, வலது கையைத் தூக்கி, "காணும், காணும்" என்றார்.

தூக்கிய கை எனக்கு நேரே இருந்தது. நான் அதைப் பிடித்துக் குலுக்கினேன்.

இதைக் கவனமாக வாசியுங்கள். கையைப் பிடித்த அந்த நொடியில் நான் உண்மையாகவே பிழையாக விளங்கிக்கொண்டேன். தோற்கப்போகிறவனுக்கு 'காணும்' என்ற சொல் காதில் தேனாக விழுந்தது, கை தானாகப் போனது. ஆனால் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நொடி மட்டும்தான் பிழை. அதற்குப் பிறகு எட்டு வருடமும் பொய்.

தலைவர் எழுந்து வந்தார். "முடிஞ்சுதோ?"

"என்ன முடிஞ்சது? நான் தேத்தண்ணிக்கல்லோ சொன்னனான்," என்றார் அருளப்பண்ணை.

"ஓம் ஐயா, எனக்குத்தான் சொன்னவர்," என்றார் கந்தையாண்ணை. "ரெண்டு தரமல்லோ சொன்னவர். தேத்தண்ணிக்குத்தான் ரெண்டு தரம் சொல்லுறது."

"கந்தையா, உனக்குச் செஸ் தெரியுமோ?"

"தெரியாது ஐயா. தேத்தண்ணி தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "உமக்கு என்னெண்டு கேட்டது?"

"காணும் எண்டு கேட்டது," என்றேன். அது உண்மை.

"ஆருக்குச் சொன்னவர்?"

தலைவருக்குப் பலகையைப் பார்க்கத் தெரியும். ராணி போகப்போகிறது என்று கண்டிருப்பார். வெல்லப்போகிறவன் ஏன் ஆட்டத்தை விடுகிறான் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. ஒன்பதாம் பிரிவிலிருந்து தப்ப அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத்தான்," என்றேன்.

"அப்ப சரி. வாய்ச்சொல்லும் இருக்கு, கையும் குடுத்தாச்சு. சொன்னது சொன்னதுதான்."

அருளப்பண்ணை கதிரையைப் பலகைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு குதிரையை எடுத்துப் பாயவிட்டார். என் ராசாவை அவரே ஒரு கட்டம் தள்ளி வைத்தார். என் ராணியை எடுத்து என் தேத்தண்ணிக் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது உம்மடை. கவனமா வைச்சிரும்," என்றார். எழுந்து தலைவரைப் பார்த்து, "யாப்பிலை ஒண்டு சேருங்கோ. விருந்தாளியள் தேத்தண்ணி குடிக்கேக்கை ஊமையா இருக்கவேணும் எண்டு," என்றார். அவருடைய குரல் நடுங்கியது. கோபம் அறியாதவர் என்று எழுதச் சொன்ன செயலாளரே, அந்தக் குரலை நீர் கேட்டீர். நீர் அன்று மணிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றீர்.

அதன்பிறகு அவர் எங்கள் வாசிகசாலைப் படி மிதிக்கவில்லை. என் பெயர் மஞ்சள் மையில் பலகையில் ஏறியது. கொஞ்சக் காலம் எனக்கு அவர்மேலேயே கோபம். ஏன் முறைப்பாடு எழுதவில்லை, ஏன் நாலு பேரைக் கூட்டி வந்து சண்டை பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேனே என்று எனக்குள்ளேயே நியாயம் பேசினேன். களவெடுத்தவனுக்குப் பறிகொடுத்தவன்மேல் வரும் கோபம் அது. அதைவிடக் கேவலமான கோபம் உலகத்தில் இல்லை.

தொண்ணூறில் திரும்ப மூண்ட சண்டையில் மயிலிட்டி முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆலையும் நின்றது. அந்தப் பக்கத்து ஆட்களின் கடிதங்கள் எங்கள் கந்தோரில் வந்து குவிந்தன. யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து, பழைய விலாசத்தை வெட்டிப் புதியதை எழுதி அனுப்புவது என் வேலை. ஒருநாள் 'ச. அருளப்பு, மயிலிட்டி' என்று ஒரு கடிதம் கையில் வந்தது. விசாரித்தேன். நெல்லியடியில் சொந்தக்காரர் வளவில் இருக்கிறார் என்றார்கள். விலாசத்தை மாற்றித் தபால் பையில் போட்டிருந்தால் என் கடமை முடிந்திருக்கும். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வல்லை வெளியின் எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கினேன்.

அருளப்பண்ணை ஒரு கொட்டிலுக்குள் குந்தியிருந்து, யாருடையதோ தண்ணீர்ப் பம்பை மண்ணெண்ணெயில் ஓடத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாரும் சம்பியன்," என்றார். கடிதத்தை வாங்கித் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். வழி முழுக்க நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது பொய். நீங்கள் என்னை மன்னிக்க..."

"நில்லும்," என்றார். "மன்னிப்புக் கேளாதையும். கேட்டா நான் தரவேணும். பங்குச் சுவாமி பூசையிலை அப்பிடித்தான் சொல்லுறார். எனக்குத் தர மனமில்லை. அதாலை நீர் கேளாமல் இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

நான் போகத் திரும்பினேன். "பலகை இருக்கு," என்றார் அவர். "விளையாடுறதெண்டா இரும்."

"பிறகேன் அண்ணை என்னோடை விளையாடுறியள்?"

"இந்தச் சுத்துவட்டாரத்திலை வேறை ஒருத்தருக்கும் விளையாடத் தெரியாது. நான் என்ன செய்ய?"

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். பத்தில் ஏழு ஆட்டம் அவர்தான் வெல்வார். தோற்றால் என் ஆட்டத்தைப் பாராட்டுவார், வென்றால் என்னைத் திட்டுவார். சிநேகிதர்களானோமா என்று கேட்டால் ஆனோம் என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய மனைவி எனக்கும் சேர்த்து மத்தியானச் சோறு வைப்பார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு கொப்பியில் நகர்வு நகர்வாக எழுதி, முடிவில் என்னிடம் ஒப்பம் வாங்குவார். ஒரு தடவையும் அதை மறக்கவில்லை.

ஒருநாள் நடு ஆட்டத்தில் குண்டு போடும் பொம்மர் வந்தது. நான் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தேன். அவரைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், பலகையை இரண்டு கையிலும் மட்டமாக ஏந்தி, காய் ஒன்றும் அசையாமல், மெல்ல மெல்லப் படியிறங்கி வருகிறார். மேலே அது சுற்றுகிறது. "எறிஞ்சிட்டு ஓடி வாங்கோ அண்ணை!" என்று கத்தினேன். கீழே வந்து, மண் மூட்டைமேல் பலகையை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் எறிய? பிறகு எது எங்கை நிண்டது எண்டு நான் உம்மட்டையோ கேக்கிறது?" குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. எனக்கு அதைவிட இது நன்றாகக் கேட்டது.

இப்போது செயலாளர் சொல்கிறார், செயற்குழு கூடி அருளப்பண்ணைக்குக் கௌரவ ஆயுள் உறுப்புரிமை வழங்கத் தீர்மானித்திருக்கிறதாம். மலரின் முதற் பக்கத்தில் அறிவிக்கப் போகிறார்களாம். அதே தலைவர்தான் நினைவுக் கூட்டத்துக்கும் தலைமை. ஒருவரும் ஒத்திவைக்கச் சொல்லவில்லையாம், ஏகமனதாம். ஏன் சொல்லப்போகிறார்கள்? செத்தவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கமாட்டார். கையெழுத்து வைக்கமாட்டார், யாப்பு வாசிக்கமாட்டார். அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேரைக் கூட்டி வரவும் மாட்டார். உயிரோடு இருந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பெயரை மட்டும் உள்ளே எடுக்கிறீர்கள். அவருடைய மனைவியிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். "அவர் கேட்டு எழுதினது ரெண்டு தரம். ரெண்டுக்கும் பதில் வரேல்லை. இப்ப ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி," என்றார். அதைக் குழுவின் பதிவேட்டில் எழுதுங்கள். பலகையிலிருந்து என் பெயரை அழியுங்கள். அதற்கு எந்தப் பிரிவும் தேவையில்லை, ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். அவருடைய பெயரை அங்கே எழுதலாமா என்று அவருடைய மனைவி சொல்லட்டும்.

நான் அவரிடமிருந்து வைத்திருப்பது என்ன என்று சொல்லி முடிக்கவேண்டும். அவர் கேட்காதே என்று சொன்ன பிறகு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசிச் சனிக்கிழமை மட்டும், என்னவோ, ஆட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது வாய் தவறிவிட்டது. "அண்ணை, இன்னும் இல்லையோ?" என்றேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. படலையைத் திறந்துவிட்டபடி, "இன்னும் இல்லை," என்றார். கொஞ்சம் சிரித்தார். அடுத்த செவ்வாய் போய்விட்டார்.

அந்த 'இன்னும்' என்ற சொல்லை நான் இந்தப் பத்து நாட்களாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சிரித்தாரே, மனம் இளகியிருக்கும், இன்னொரு சனிக்கிழமை இருந்திருந்தால் தந்திருப்பார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உங்கள் நாலாவது வரிக்கும் அது பொருந்தும். எழுதமாட்டேன். அவர் சொன்னதை எனக்கு வேண்டியபடி நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். இல்லை என்றார். இல்லை என்றுதான் எனக்குக் கேட்டது.